அத்தான் துடைத்த மேகம்

என் அத்தானுக்குக் கறை என்றால் ஆகாது. சட்டையில் இருந்தால் பரவாயில்லை, அதே சட்டையோடு நாள்கணக்கில் திரிவார். முகத்தில்தான் இருக்கக் கூடாது, அதுவும் படத்தில் இருக்கிற முகத்தில். அக்காவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், சுவரில் தொங்கிய எங்கள் அப்பாவின் படத்தைக் கழற்றிக்கொண்டு போனார். அப்பாவுக்குச் சின்ன வயதில் விழுந்து நெற்றியில் ஒரு தழும்பு. அதை எடுத்துவிட்டுப் படத்தைத் திரும்ப மாட்டினார். அம்மா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, யார் இது என்று கேட்டாள். அத்தான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

போட்டோ ஸ்டூடியோவில் அவருக்கு டச்சிங் வேலை. அந்தக் காலத்தில் நெகட்டிவை விளக்குப் பெட்டிமேல் வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் மச்சம், பரு, அம்மைத் தழும்பு எல்லாவற்றையும் நிரப்பி மறைப்பார்கள். அத்தான் கைபட்ட முகம் அவித்து உரித்த முட்டை மாதிரி இருக்கும். மணப்பெண்ணுக்கும் அவளைப் பெற்றவளுக்கும் ஒரே வயசு. கிழவரின் சுருக்கம் போகும்போது கிழவரும் கூடவே போய்விடுவார். பெயரே அவருக்கு ‘டச்சிங்’ என்று ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் வந்ததும் பென்சில் போய் மௌஸ் வந்தது. குரங்கு கையில் பூமாலை என்பார்கள், இங்கே மாலையோடு முழுத் தோட்டத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

பிறகு ஊரில் எல்லோர் கையிலும் கேமரா வந்தது. தங்கள் முகத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்ள ஜனங்கள் கற்றுக்கொண்டார்கள். ஸ்டூடியோவை மூடினார்கள். அத்தான் வீட்டில் உட்கார்ந்து சுவரிலுள்ள விரிசல்களை முறைக்க ஆரம்பித்தார். அக்கா என்னிடம் வந்து அழுதாள். நான் வேலை செய்யும் கோளரங்கத்தில் படம் தயார் செய்ய ஓர் ஆள் தேவைப்பட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, நானே இயக்குநரிடம் போய்ச் சொல்லி அவரைச் சேர்த்துவிட்டேன்.

கோளரங்கம் என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு கூரை, நடுவில் புரொஜெக்டர், சுற்றிலும் சாய்ந்து படுக்கிற நாற்காலிகள். விளக்கை அணைத்தால் கூரை வானமாகும். ஏசி நன்றாக இருக்கும். பாதிப் பேர் அதற்காகவே டிக்கெட் வாங்குகிறவர்கள். பிரபஞ்சம் தோன்றும்போது கண்ணை மூடினால் அது முடியும்போதுதான் திறப்பார்கள். நான் பின்வரிசைக்குப் பின்னால் கட்டுப்பாட்டுப் பலகைக்கு முன் உட்கார்ந்து விளக்கையும் படத்தையும் இயக்குகிறவள். எங்கள் இயக்குநருக்கு வானத்தைவிட விளக்கின்மேல் பாசம் அதிகம். புரொஜெக்டர் விளக்கு தேய்ந்துவிடும் என்று ஒத்திகையில் அதை ஏற்றவே விடமாட்டார். வெறும் வெள்ளைக் கூரையைப் பார்த்தபடி, இதோ வியாழன், இதோ சனி என்று பேசிப் பழகுவோம். கட்டாந்தரையில் நீச்சல் கற்றுக்கொள்வதற்கும் எங்கள் ஒத்திகைக்கும் அதிக வித்தியாசம் கிடையாது.

இனி அத்தானின் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

குட்டி என்று கூப்பிடுவோம். பிறக்கும்போதே இடது கன்னத்தில் கரும்பழுப்பாக ஒரு மச்சம், காதோரம் தொடங்கித் தாடைவரை. வலி கிடையாது, நோய் கிடையாது. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இந்தக் காக்கை மட்டும் குஞ்சுக்கு முலாம் பூசாமல் ஓய மாட்டேன் என்று நின்றது. தொட்டிலில் எடுத்த படத்திலிருந்து பட்டம் வாங்கிய படம்வரை, அவர் வீட்டுச் சுவரில் தொங்கும் பெண்ணுக்கு மச்சமே கிடையாது. ஸ்டூடியோ வாசலில் அவளை விளம்பரத்துக்குப் பெரிதாக மாட்டி வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கூடவரும் பிள்ளைகள், இது உன் அக்காவா என்று கேட்பார்களாம். அவள் முதலில் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு ஆமாம் என்று சொல்லிவிட்டு நடக்கப் பழகினாள். இதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அத்தானை அந்த இடத்திலேயே நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும்போல இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

பெண் பௌதிகம் படித்தாள். நல்ல குரல். எதையும் எதிரில் இருப்பவருக்குப் புரிகிறவரை விடமாட்டாள். கோளரங்கத்தில் விளக்கம் சொல்கிறவர் ஓய்வு பெற்றதும் அவளைத் தற்காலிகமாக எடுத்தார்கள். புதிதாக ஒரு காட்சியை அவளே எழுதிப் பேச வேண்டும், நிர்வாகக் குழு வந்து பார்க்கும், பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் வெளியில் பதிவுசெய்த குரல் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள், அவள் வீட்டுக்குப் போகலாம். அந்த வேலைமேல் அவள் உயிரையே வைத்திருந்தாள்.

அத்தானுக்கும் ஏகப்பட்ட சந்தோஷம். ஏன் தெரியுமா? “இருட்டுல பேசற வேலை பாரு, முகம் தெரியவேண்டிய அவசியமே இல்ல,” என்று அக்காவிடம் சொன்னார். நான் அடுப்பங்கரையில் நின்று கேட்டேன். எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. விளக்கு அணைவதற்கு முன் பேசுகிறவர் எல்லோருக்கும் எதிரில் வந்து நின்று, யார், என்ன காட்டப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போவார். அத்தான் அவளுக்குத் தெரியாமல் இயக்குநரிடம் போய், அவள் கூச்சப்படுகிற பெண், அந்த வழக்கத்தை விட்டுவிடலாம் என்று கேட்டுக்கொண்டார். இயக்குநரும் தலையாட்டினார். கூச்சப்பட்டது யார் என்று அத்தானுக்கும் இயக்குநருக்கும் எனக்கும் தெரியும். அவளுடைய அடையாள அட்டைப் படத்தையும் அத்தானே தயார்செய்து கொடுத்தார். முதல் நாள் காவலாளி அட்டையையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, யாருடைய அட்டை இது என்று நிறுத்திவிட்டார். நான் போய்தான் கூட்டிவந்தேன்.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம், நட்சத்திரங்கள் எப்படிப் பிறக்கின்றன என்பது. எழுத எழுத என்னிடம் சொல்லுவாள். நட்சத்திரங்களுக்கு நடுவே நாம் வெட்டவெளி என்று நினைப்பது வெட்டவெளி அல்ல, அங்கே வாயு இருக்கிறது, பெரும்பாலும் ஹைட்ரஜன், அதோடு புகையைவிட நைசான தூசு. சில இடங்களில் அது மேகமாகச் சேர்ந்து நிற்கும். தூசு பின்னாலிருக்கிற நட்சத்திரங்களின் வெளிச்சத்தை மறைத்துவிடுவதால், படமெடுத்தால் வானத்தில் யாரோ ஓட்டை போட்ட மாதிரி ஒரு கறுப்புத் திட்டு தெரியும். அந்தக் கறுப்புத்தான் பிரசவ அறை.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நட்சத்திரம் என்றால் நெருப்பு, அப்படியானால் பிறக்கிற இடம் உலைபோலக் கொதிக்க வேண்டாமா? அவள் சிரித்தாள். நேர்மாறாம். அந்த மேகத்துக்குள் இருக்கிற குளிருக்கு நம் பனிக்கட்டியெல்லாம் அடுப்பு. சூடாக இருக்கிற வாயு துள்ளிச் சிதறி ஓடும். குளிர்ந்து அடங்கிக் கிடக்கிற வாயுவைத்தான் அதன் ஈர்ப்பே உள்நோக்கி இழுக்க முடியும். கொஞ்சம் சேர்ந்தால் இழுப்பு கூடும், இழுப்பு கூடினால் இன்னும் சேரும். இப்படியே நெருங்கி நெருங்கி நடுவில் ஒரு கட்டி உண்டாகும், நெருக்கத்திலேயே அது சூடேறும். லட்சக்கணக்கான வருஷங்கள் அப்படியே போகும். கடைசியில் நடுவில் சூடு ஒரு கோடி டிகிரியைத் தொடும்போது ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஹீலியமாக ஆரம்பிக்கும். அதுதான் நட்சத்திரம் கண் திறக்கிற நேரம். பக்கத்திலேயே ஏற்கெனவே ஒரு ராட்சத நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தால், அதன் வெளிச்சமும் காற்றும் சில சமயம் மேகத்தையே ஊதித் தள்ளிவிடுமாம், பிறக்க வேண்டியது பிறக்காமலே போகும். எனக்கு அத்தான் ஞாபகம் வந்தது. ஆனால் அவரை ராட்சத நட்சத்திரம் என்று சொன்னால் நட்சத்திரம் கோபித்துக்கொள்ளும்.

இந்தக் காட்சிக்கு ஒரு வானாய்வகத்திலிருந்து படம் வாங்கினார்கள். பால் சிந்தினாற்போல எங்கும் நட்சத்திரம், ஓரிடத்தில் மட்டும் மை கொட்டினதுபோலக் கறுப்பு. அதைப் பார்த்த நாளே அவள் காட்சி முழுவதையும் அந்தக் கறுப்பைச் சுற்றி எழுதிவிட்டாள். கூரைக்கு ஏற்றபடி படத்தை வளைத்து ஒட்டித் தயார்செய்து கொடுக்க வேண்டியது அத்தான் பொறுப்பு. எழுதியதை அப்பாவுக்குப் படித்துக்காட்டவும் செய்தாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். குரல் நன்றாக இருக்கிறது என்றார். என்ன சொன்னாள் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பார். விளக்கு ஏற்றாத ஒத்திகையில், அவர் தயார்செய்த படத்தை நாங்கள் யாரும் கூரையில் பார்க்கவே இல்லை.

குழு வந்த அன்று எல்லோரும் பளபளவென்று இருந்தோம். குழுத் தலைவர் பெரிய வியாபாரி. வானத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, மழை வந்தால் சரக்கு நனையும் என்பதுதான். அழைப்பின்பேரில் வந்த குடும்பங்களும் இருந்தன, நாற்காலி நிறைந்துவிட்டது. அத்தான் முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார். குட்டி முன்னால் வந்து நிற்காமல், இயக்குநர் சொன்னபடி இருட்டிலேயே தொடங்கினாள்.

நன்றாகத்தான் போனது. வாயுவைச் சொன்னாள், தூசைச் சொன்னாள், குளிரைச் சொன்னாள். தூங்குகிறவர்களின் குறட்டை ஒன்றுகூட என் காதில் விழவில்லை. பிறகு புதுப் படத்தைக் கூரையில் ஏற்றச் சொன்னாள், ஏற்றினேன். எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்தார்கள், அவ்வளவு நட்சத்திரம். “இப்ப வெளியே போற கதவுக்கு நேர் மேல பாருங்க,” என்றாள். “ஒரு நட்சத்திரம்கூட இல்லாத கறுப்புத் திட்டு தெரியுதா? அதுக்குள்ளதான் புது நட்சத்திரம் உருவாகிட்டிருக்கு.” கையிலிருந்த விளக்கால் ஒளி அம்பை அங்கே நகர்த்தினாள்.

அங்கே கறுப்பு இல்லை. ஓர் அம்பு, அதைச் சுற்றிக் கும்பல் கும்பலாக நட்சத்திரம்.

தெரியவில்லையே என்று யாரோ சொன்னார்கள். இன்னொருவர் சிரித்தார். அம்பு கொஞ்சம் இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனது, வீடு மாறி வந்துவிட்டவர் கதவைத் தேடுவதுபோல அலைந்தது. தவறான படத்தை ஏற்றிவிட்டேனோ என்று பலகையைப் பார்த்தேன், படம் சரிதான். மறுபடி நிமிர்ந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. முக்கோணமாக மூன்று நட்சத்திரம், அவற்றின் பக்கத்திலேயே அதே முக்கோணம், அதற்குக் கீழே இன்னொரு தடவை அதே முக்கோணம். ஓரிடத்துத் தோலை எடுத்துப் பருவின்மேல் ஒட்டுகிற பழைய வித்தை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தாயிற்று. உடைத்தவர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, தன் கைவேலையை அண்ணாந்து ரசித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கும் தெரிந்துவிட்டது. அந்த முக்கோணங்களை அவள் பார்த்திருக்க வேண்டும். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அது புதிதா என்ன? அம்பு அணைந்தது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு மைக்கில் குரல் வந்தது. “சித்தி, விளக்கைப் போடுங்க.”

போட்டேன். அவள் தன் மேசையை விட்டு நடந்துபோய், முன்வரிசைக்கு எதிரில், எல்லோர் கண்ணும் படுகிற இடத்தில் நின்றாள். மச்சம் இருக்கிற பக்கம் கூட்டத்தைப் பார்த்தபடி இருந்தது. அவள் அதைத் திருப்பிக்கொள்ளவில்லை. “அந்த இடத்துல ஒரு மேகம் இருந்தது. படம் தயார் பண்ணும்போது அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சிட்டாங்க,” என்றாள். “பரவால்ல, நான் வாயாலேயே சொல்றேன்.” சொன்னாள். வெறும் கைகளால் மேகத்தைக் காட்டினாள், சுருங்குவதைக் காட்டினாள். படுத்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கறுப்பாக இருப்பது காலி இல்லை என்று எப்படித் தெரியும் என்று ஒரு பெண்மணி கேட்டார். கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளியிலும் ரேடியோ அலையிலும் பார்க்கிற தொலைநோக்கிகள் உண்டு, அவை உள்ளேயிருந்து வருவதைப் பிடிக்கும் என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல வெட்கமில்லை. அத்தான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காட்சி முடிந்து கூட்டம் எழுந்து கைதட்டிய பிறகு இயக்குநர் அறையில் கூடினோம். குழுத் தலைவர் மேசையில் இருந்த கம்ப்யூட்டரில் அந்தப் படத்தை மறுபடி பார்த்தார். இப்படி ஒரு அழகான படத்தை வைத்துக்கொண்டு எதற்குக் கறுப்பு, மேகம் என்றெல்லாம் பேச வேண்டும், அந்தப் பகுதியை வசனத்திலிருந்து எடுத்துவிட்டால் போகிறது என்றார். அதைத்தான் தானும் நினைத்ததாக இயக்குநர் உடனே சொன்னார். தலைவர் சூரியனை நீலம் என்றிருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பார். நட்சத்திரம் பிறக்கிற காட்சியில் பிறக்கிற இடமே வேண்டாமாம். மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணம் நடத்துகிறவர்கள் இவர்கள்.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு தான் பேசப்போவதில்லை என்று குட்டி சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. அப்படியானால் பதிவுசெய்த குரலே போதும் என்றார் தலைவர். இயக்குநர் நெளிந்தார். பழியைத் தன் தலையிலிருந்து இறக்கிவைக்க ஓர் இடம் தேடி, கதவோரம் நின்ற அத்தானைக் கண்டுபிடித்தார். படத்துக்குப் பொறுப்பு அவர்தான், படம் சரியென்று அவர் சொன்னால் அப்படியே இருக்கட்டும் என்றார்.

அத்தானை எந்த விஷயத்திலும் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. முகம் மலர்ந்துவிட்டது. படத்தைக் குனிந்து பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். “பார்க்க நல்லாத்தான் சார் இருக்கு,” என்று ஆரம்பித்தார்.

“அப்பா,” என்றாள் குட்டி. “என் முகம் என் முகமாவே இருக்கிற போட்டோ ஒண்ணாவது உங்ககிட்ட இருக்கா?”

“ஏன் இல்லாம? ஆயிரம் இருக்கு,” என்றார்.

அவள் கையை நீட்டினாள். அவர் போனை எடுத்தார். விரலால் தள்ளத் தள்ளப் படங்கள் ஓடின. நான் பக்கத்தில்தான் நின்றேன். பிறந்த நாள், பள்ளி விழா, பட்டமளிப்பு, எல்லாவற்றிலும் மொழுமொழுவென்று யாரோ ஒரு பெண். இன்னும் பின்னால் போனார். பல் முளைக்காத குழந்தை, அதன் கன்னமும் வெள்ளைக் காகிதம். விரல் வேகம் குறைந்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அத்தான் கடைசிவரை தள்ளிவிட்டு, இனித் தள்ள ஒன்றும் இல்லாமல், போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“இல்லம்மா,” என்றார்.

“அப்ப அந்த மேகத்தையாவது திருப்பிப் போடுங்க.”

அத்தான் இயக்குநர் பக்கம் திரும்பினார். படம் தப்பு, அழித்தது தான்தான், அசலை மறுபடி வரவழைத்து மேகத்தைத் திரும்பப் போட்டுத் தருவதாகச் சொன்னார். நல்லாத்தானே இருக்கிறது என்றார் தலைவர். “இல்ல சார், தப்பு,” என்று மறுபடி சொன்னார். பொறுப்பாளரே தப்பு என்று சொன்ன படத்தை வைத்துக் காட்சி நடத்த அவர்களுக்குத் துணிவு இல்லை. கூட்டம் எழுந்து கைதட்டியதையும் தலைவர் பார்த்திருந்தார், டிக்கெட் விற்கும் என்பது வியாபாரிக்குப் புரிந்தது. அடுத்த மாதமே குட்டிக்கு வேலை உறுதியானது. இப்போது விளக்கு எரியும்போதே முன்னால் வந்து நின்றுதான் தொடங்குகிறாள்.

இதனால் அத்தான் திருந்திவிட்டார் என்று யாரும் நம்ப வேண்டாம். நாய் வாலை யார் நிமிர்த்தினார்கள்? போன வாரம்கூட என் படம் ஒன்றில் கழுத்துச் சுருக்கத்தை எடுத்துக் கொடுத்தார், கேட்காமலே. ஆனால் குட்டியை முன்வாசலில் வெயிலில் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். அதைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. ஏற்றினால் கை சும்மா இருக்காது என்று அவருக்கே பயம். அச்சுப் போடக் கடைத்தெருவில் வேறொரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனார். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர், அத்தான் இத்தனை வருஷம் வருகிறவர் போகிறவரிடம் கேட்ட அதே கேள்வியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டிருக்கிறார். “கன்னத்துல இருக்கிறதை எடுத்துடலாமா சார்?”

“கை வைக்காதீங்க,” என்றாராம் அத்தான். “அது என் பொண்ணு.”